நார்வே படித்த மறுபக்கம்

எங்கள் வீட்டில் இந்த மாதம் ஒரு சொல்லுக்குத் தடை.

ஏதோ கெட்ட வார்த்தை போல என்று நினைத்துவிடாதீர்கள் பிள்ளைகளே. 'அருமை' — அவ்வளவுதான். அந்தச் சொல்லை நான் வாயில் எடுக்கக் கூடாதாம்!

போன சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, சீனியவரைக்காய் வத்தல். மனைவி வழக்கம்போல், "குழம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நானும் வழக்கம்போல், "அரு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்த என் மகள் மாரீஸ்வரி கையிலிருந்த வத்தலைத் தட்டில் வைத்தாள். ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள். ஆனால் அந்தப் பார்வை இருக்கிறதே... தலைமையாசிரியர் பார்வை!

"அப்பா, எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நாக்குல வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

இன்னொரு கவளம் எடுத்து வாயில் வைத்து யோசித்தேன். பதினைந்து வருடமாக இந்தக் குழம்பைச் சாப்பிடுகிறேன். அது எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை! ரொம்ப நேரம் கழித்து, "புளி முன்னால வந்து நிக்குது... உப்பு எங்கயோ பின்னால ஒளிஞ்சிருக்கு" என்றேன்.

"உப்புப் பத்தலைன்னு சொல்லுதீங்க" என்றாள் மனைவி. மோர் அன்றைக்குக் கொஞ்சம் வேகமாகத்தான் தட்டில் விழுந்தது.

"பாத்தியா ஈஸ்வரி? இதுக்குத்தான் நான் ஒரே வார்த்தையில முடிச்சிருதது!"

அவள் அசையவில்லை. தடை தடைதான்.

இந்தத் தண்டனை எனக்கு ஏன் வந்தது? எங்கிருந்து வந்தது? சொன்னால் நம்பமாட்டீர்கள்... நார்வேயிலிருந்து!

நார்வே எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் உச்சிக்குப் போங்கள். கிழிந்த துணியின் ஓரம் மாதிரி ஒரு கரை தெரிகிறதா? அதுதான். கடல் அங்கே மலைகளுக்குள் புகுந்து புகுந்து போயிருக்கும். அதன் வடகோடியில் கோடையில் சூரியன் மறைவதே இல்லையாம். குளிர்காலத்தில் எட்டியே பார்க்காதாம். சித்திரை மாதத்தில் எங்கள் கோவில்பட்டிச் சூரியனில் பாதியை அங்கே அனுப்பிவைத்தால் இரண்டு ஊருக்கும் நல்லது!

எனக்கும் நார்வேக்கும் உறவு ரேடியோ வழியாக. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டும் பிரிவில் வேலை பார்க்கிறவன். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. மதுரைக்கு அந்தப் பக்கம் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன். ஆனால் சிற்றலை ரேடியோவின் முள்ளைத் திருப்பினால் போதும்... ஜெர்மனி வரும், ஜப்பான் வரும். எட்டயபுரத்திலிருந்து குளத்தூர் வரைக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நேயர் மன்றம் என்று பெயர் வைத்து ரப்பர் ஸ்டாம்பு கூடச் செய்து வைத்திருக்கிறோம்.

மன்றத்தின் வேலை என்ன? வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டு, எத்தனை மணிக்குக் கேட்டோம், எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று அவர்களுக்குக் கடிதம் எழுதுவது. தெளிவைச் சொல்ல ஐந்து எண்கள் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்துக்கு இத்தனை என்று. பதிலுக்கு அழகான அட்டை வரும், ஸ்டிக்கர் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் காலண்டர் வரும்.

எல்லாருக்கும் ஆங்கிலம் வருமா? வராது. அதனால் மன்றத்தில் ஒரு மாதிரிக் கடிதம் கைமாறிக்கொண்டே இருக்கும். 'யுவர் புரோகிராம் வெரி நைஸ். மியூசிக் வெரி ஸ்வீட். ரிசப்ஷன் ஐந்து ஐந்து ஐந்து ஐந்து ஐந்து.' தேதியை மட்டும் மாற்றினால் போதும். ஜெர்மனியா? வெரி நைஸ். ஜப்பானா? வெரி ஸ்வீட். செய்தி வாசித்தால்கூட வெரி ஸ்வீட்தான்!

ஐந்துக்கு ஐந்து உண்மையா என்று கேட்கிறீர்களா... அங்கேதான் சங்கடம். நார்வே ஒலிபரப்பு எங்களுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு. ஞாயிறு சாயங்காலம் டிவியில் என்ன? படம்! நாங்கள் குடியிருப்பது ஒரு வளவு — ஒரே முற்றத்தைச் சுற்றி ஒன்பது வீடு. எட்டு வீட்டில் டிவி ஓடும். எங்கள் ரேடியோவில் 'ஙொய்ய்ய்' என்று ஒரு இரைச்சல் வந்து பாதி நிகழ்ச்சியைத் தின்றுவிடும். அதைக் கடிதத்தில் எழுதலாமா? விருந்துக்குப் போன வீட்டில் பாயசத்தில் ஒரு முடி கிடந்தால் வெளியே சொல்வோமா? மரியாதை என்று ஒன்று இல்லையா? நான் அப்படித்தான் நினைத்தேன். மனதார நினைத்தேன்.

இந்த வருட ஆரம்பத்தில் நார்வே ரேடியோவில் ஒரு அறிவிப்பு வந்தது. வருடம் முழுக்க, மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர்கள் நாட்டு இசை. பழையது, புதியது எல்லாம். நேயர்கள் கேட்டுவிட்டுத் தாங்கள் கேட்டதை எழுத வேண்டும். டிசம்பர் கடைசியில் ஒரே ஒரு கடிதத்தை நிகழ்ச்சியில் படிப்பார்கள். படம் போட்ட சின்னப் புத்தகம் ஒன்றும் அனுப்பினார்கள். ஈஸ்வரி அகராதியை வைத்துக்கொண்டு அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"அப்பா, நான் எழுதினா என் எழுத்த ரேடியோவுல படிப்பாங்களா?"

"நல்லா எழுதினா படிப்பாங்க."

"அப்ப நான் தமிழ்ல எழுதித் தாரேன். நீங்க இங்கிலீசுல மாத்தி அனுப்பிருங்க. சரியா?"

"சரி" என்றேன். வினை அங்கேதான் பிறந்தது.

முதல் மாதம் அவர்கள் ஊர்ப் பிடில். பார்க்க நம் வயலின் மாதிரிதான். சிப்பி பதித்து, தலையில் சிங்க முகம் செதுக்கி அலங்காரமாக இருக்கும். ஆனால் ஒரு விசேஷம் — வில் போட்டு வாசிக்கிற நாலு கம்பிக்கு அடியில் இன்னும் நாலைந்து கம்பிகள் ஓடுகின்றன. அவற்றை யாரும் தொடுவதில்லை. மேலே வாசித்தால் அவை தானாக முனகும்.

ஈஸ்வரி எழுதினாள்: 'ரோட்டில் லாரி போகும்போது எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் எல்லாம் தானாக அதிரும். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இந்தப் பிடிலுக்குள்ளும் அப்படி டம்ளர் இருக்கிறது.'

இதை ஆங்கிலமாக்க உட்கார்ந்தேன். டம்ளர்... லாரி... அகராதியைப் புரட்டினேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. முந்நூறு வருடப் பெருமை உள்ள வாத்தியத்தை எவர்சில்வர் டம்ளர் என்று எழுதினால் அந்த நாட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? கோவில்பட்டிக்காரர்கள் கேலி பண்ணுகிறார்கள் என்று நினைக்கமாட்டார்களா? மாதிரிக் கடிதத்தை எடுத்தேன். வெரி நைஸ். வெரி ஸ்வீட்.

"எழுதிட்டீங்களாப்பா?"

"எழுதிட்டேன்."

பொய்யில்லை பாருங்கள். எழுதத்தான் செய்தேன்!

வசந்த காலத்தில் ஒரு குழல் வந்தது. வில்லோ என்ற மரத்தின் பட்டையை ஈரத்தோடு உருவிச் செய்வார்களாம். விரல் வைக்கத் துளையே கிடையாது. நுனியை விரலால் மூடித் திறந்தே அத்தனை சுரமும் வர வேண்டும். பட்டை காய்ந்தால் குழல் செத்துவிடும். ஈஸ்வரி எழுதினாள்: 'பூவரச இலைப் பீப்பியும் காய்ந்தால் ஊதாது. இந்தக் குழலில் வருகிற சில சத்தத்துக்கு எங்கள் ஸ்கூல் ஆர்மோனியத்தில் கட்டை இல்லை. இரண்டு கட்டைக்கு நடுவில் இருக்கிறது.' பிறகு தெரிந்துகொண்டேன், அந்தக் குழலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதும் அதேதானாம். நான் என்ன எழுதினேன்? வெரி ஸ்வீட்.

மே மாதம் பேண்டு வாத்தியம். அவர்கள் தேசியத் திருநாளில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நடப்பது பெரிதில்லையாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேண்டு வாசித்துக்கொண்டு நடப்பதுதான் கொண்டாட்டமாம். 'நம்ம ஊர் பேண்டு செட்டு மாதிரியே இருக்கிறது. ஆனால் யாருக்கும் கல்யாணம் இல்லை' என்று எழுதினாள். நான்? வெரி நைஸ்.

ஜூலையில் வந்ததே ஒன்று... இக்காலத்து வாலிபர்களின் இசையாம். முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு பாடுகிறவர்கள். ரேடியோ வெடித்துவிடுமோ என்று நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். ஈஸ்வரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள். 'தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்கிறது. உள்ளே ஒருவர் தொண்டையில் மீன் முள் மாட்டிக்கொண்டு கத்துகிறார். ஆனால் நிஜமாகவே அவருக்கு ஏதோ கோபம். எனக்குப் பாவமாக இருந்தது.'

அன்றைக்கும் நான் பேனாவை எடுத்தேன். 'மியூசிக் வெரி ஸ்வீட்.'

செப்டம்பரில் வந்ததுதான் இந்தக் கதையின் முடிச்சு. நார்வேயின் வடகோடியில் பனிமான் மேய்க்கிற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் 'யோய்க்' என்று ஒரு பாட்டு முறை. பெரும்பாலும் சொற்களே இருக்காது. ஒரு ஆளுக்கு, ஒரு மலைக்கு, ஒரு மானுக்கு என்று பாட்டு உண்டு. அந்த ஆளைப் பற்றிய பாட்டு இல்லையாம் — அந்தப் பாட்டுத்தான் அந்த ஆளாம். பாடினால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரியாம்.

ஈஸ்வரி அன்றைக்கு ரொம்ப நேரம் எழுதினாள். எழுதிய தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். முகத்தில் ஒரு வெட்கம்.

"அப்பா, இத நீங்க படிக்கக் கூடாது."

"ஏட்டி, படிக்காம எப்படி இங்கிலீசுல மாத்துததாம்?"

"அது தெரியாது. படிக்காம மாத்துங்க!"

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். எனக்கு அதில் கஷ்டமே இல்லை பிள்ளைகளே. எட்டு மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்!

ஆனால் அன்றைக்கு ஏர்மெயில் தாள் தீர்ந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடையும் இல்லை. வீட்டில் இருந்த மெல்லிய தாள் அது ஒன்றுதான் — ஈஸ்வரி எழுதிய தாள். நேயர் மன்றத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டுக் கடிதத்தில் எடை ஏறக் கூடாது என்பதால் தாளின் ஒரு பக்கத்தையும் வெறுமனே விடமாட்டோம். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் மாதிரிக் கடிதத்தை எழுதினேன். 'இந்தப் பக்கம் கடிதம் இல்லை' என்று அவர்களுக்குப் புரிய வேண்டுமே? ஈஸ்வரியின் எழுத்தின் மேல் மூலைக்கு மூலை ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டேன். அவள் கேட்டுக்கொண்டபடி, படிக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் நார்வேயிலிருந்து ஒரு உறை வந்தது. மேலே என் பெயர் இல்லை. மாரீஸ்வரியின் பெயர்! உள்ளே இரண்டு தாள். ஒன்று தமிழில் எழுதிய கடிதம். ஈஸ்வரி வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தாள்.

'அன்புள்ள தங்கச்சி மாரீஸ்வரிக்கு, நான் வதனி. யாழ்ப்பாணத்தில பிறந்த ஆள். பத்து வருசமா நோர்வேயில இருக்கிறன். இந்த ரேடியோக்காரர் இருக்கிற கட்டடத்திலதான் எனக்குக் கன்டீன் வேலை. போன கிழமை ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து இது உங்கட பாஷையோ எண்டு கேட்டினம். ஒரு பக்கம் ஆங்கிலம். அதில ஒண்டும் இல்லை, அப்பா கோவிக்க வேண்டாம். மற்றப் பக்கத்தை நான் வாசிச்சுச் சொல்லச் சொல்ல எல்லாரும் சாப்பாட்டை விட்டிட்டு வந்து நிண்டவை. இந்த வருசம் படிக்கிற கடிதம் இதுதான் எண்டு முடிவெடுத்திட்டினம். ஒண்டு மட்டும் விளங்கேல்லை பிள்ளை — இவ்வளவு வடிவான எழுத்துக்கு மேல ஆர் கோடு கீறினது?'

கீழே இன்னும் இரண்டு வரி: 'ஜூலை மாசப் பாட்டுக்காரப் பெடியளுக்கு அப்பாவின்ட கடிதத்தைக் காட்டினவையாம். தங்கட பாட்டை ஸ்வீட் எண்டு சொன்ன முதல் ஆள் இவர்தான் எண்டு பெடியள் சரியாக் கவலைப்பட்டவையாம்.'

ஈஸ்வரி சந்தோஷத்தில் குதிப்பாள் என்று பார்த்தால்... இரண்டாவது தாளை விரித்துவிட்டு அப்படியே நின்றாள். அவள் எழுதியதின் ஜெராக்ஸ். மேலே மூலைக்கு மூலை என் பெருக்கல் குறி.

"அப்பா... டம்ளர் போகலியா?"

"இல்லம்மா."

"பீப்பி?"

"இல்ல."

"மீன் முள்ளு?"

"அதுவும் இல்ல."

"அப்ப இவ்வளவு மாசமும் நார்வேக்கு என்னதாம்ப்பா போச்சு?"

"வெரி நைஸ் போச்சு" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். தாளை என் கையில் கொடுத்தாள். "இப்பப் படிங்க" என்றாள்.

அப்போதுதான் படித்தேன். அடியில் தன் பெயரையும் எழுதியிருந்தாள். அப்படியே தருகிறேன்:

'எங்கள் அப்பாவுக்கு யோய்க் கட்டினால் இப்படி இருக்கும். முதலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம். ணங். பிறகு இருமல், இரண்டு சின்னது, ஒன்று பெரியது. பிறகு "ஏட்டி ஈஸ்வரி" என்று கூப்பிடுவார். அதில் ஏட்டி கீழே இருக்கும். ஈஸ்வரி மேலே ஏறும். சட்டையில் தீக்குச்சி மருந்து வாசம் வரும். வாசத்தைப் பாட்டில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை. ஒரு நாள் தீப்பெட்டி ஆபீசில் தீப்பிடித்துவிட்டது என்று சொன்னார்கள். நானும் அம்மாவும் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தோம். எத்தனையோ சைக்கிள் வந்தது. எங்கள் ணங் வரவில்லை. பிறகு இருமல் வந்தது. சைக்கிளை ஆபீசிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார்.'

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பெரிய விபத்து இல்லை. யாருக்கும் காயமில்லை, புகைதான். வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் என்று நான் சொல்லவே இல்லை. வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, 'காற்று வாங்குகிறார்கள் போல' என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர்கள் எனக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. மூலைக்கு மூலை கோடு போட்டபோதும் தெரியாது.

வெரி நைஸுக்குத் தமிழ் 'அருமை'. அது என்ன தெரியுமா பிள்ளைகளே? காதை மூடிக்கொண்டு வாயைத் திறப்பது. நாம் மரியாதை என்று நினைத்துச் சொல்கிறோம். எதிரில் இருப்பவருக்கு 'சரி சரி, போய்வாருங்கள்' என்று கேட்கிறது.

"மன்னிச்சிரும்மா" என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஈஸ்வரி யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள். ஒரு மாதம் அந்தச் சொல் கூடாது. அவ்வளவுதான். ஆனால் பேச்சில் பழைய துள்ளல் இல்லை. "ரேடியோவுல படிக்கும்போதும் ஙொய்ய்ன்னுதான் இருக்கும். ஒண்ணும் கேக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. வருடம் முழுக்க ஐந்து ஐந்து என்று நான்தானே எழுதினேன்? அந்த இரைச்சலை நிறுத்த ஒரு நாளாவது எழுந்து போனேனா?

போன ஞாயிறு, கடிதம் படிக்கிற நாள், ஐந்து மணி. சட்டையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். முதல் வீடு பேச்சியம்மாள் அக்கா வீடு. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே படம் பார்ப்பவர். லேபிள் கோணலாகப் போனாலும் போகும், படத்தில் ஒரு காட்சி தவறாது!

"அக்கா, அஞ்சரையிலருந்து ஒரு பத்து நிமிசம் டிவிய அமத்த முடியுமா?"

"எதுக்குத் தம்பி? வளவுல யாருக்கும் எதுவும் ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆகலக்கா. ஈஸ்வரி எழுதினத ரேடியோவுல படிக்காங்க. டிவி ஓடுனா கேக்காது."

"அது சரி... அந்தப் பிள்ளைக்கு வில்லன் பய தாலி கட்டப் போறான் இங்க. பத்து நிமிசம் விட்டா கட்டிப்புடுவானே!"

"கட்டமாட்டான்க்கா. அதுக்குள்ள கதாநாயகன் வந்துருவான்."

"நீ இந்தப் படம் பாத்துட்டியா?"

"இல்லக்கா. எல்லாப் படத்துலயும் வந்துருதானே."

அக்கா டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார். "எந்த நாட்டு ரேடியோ?"

"நார்வே."

"அவியளுக்கு நம்ம ஈஸ்வரிய எப்படித் தெரியும்?"

"அவ எழுத்து தெரியும்க்கா."

அக்கா பசைக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். டிவியின் காதைத் திருகினார். அதோடு நிற்கவில்லை. முற்றத்தில் வந்து நின்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள் — "ஏலே, எல்லாரும் டிவிய அமத்துங்க! நம்ம பிள்ள எழுதினது ரேடியோவுல வருது! எவ வீட்டுலயாவது சத்தம் கேட்டுது, அவ்வளவுதான்!" மலையில் மாடு கூப்பிடுகிற நார்வே பெண்களின் குரலை ஜூன் மாதம் கேட்டிருந்தோம். அக்கா அவர்களுக்கு இளைத்தவர் இல்லை.

ஒவ்வொரு வீடாக அமைதியானது. படம் போன கோபத்தில் எல்லாரும் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

ஐந்தரை. முள்ளைத் திருப்பினேன். ஙொய்ய் இல்லை! வருடத்தில் முதல் தடவையாக நார்வே பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி பேசியது. அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நடுவில் 'கோவில்பட்டி' என்றார். வாசலே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு வதனியின் குரல், தமிழில். ஈஸ்வரியின் எழுத்தை நிதானமாகப் படித்தாள்.

'ணங்' வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். 'இருமல், இரண்டு சின்னது, ஒன்று பெரியது.' பெரியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு அந்த அறிவிப்பாளர், "ஏட்டி ஈஸ்வரி" என்று சொல்லிப் பார்த்தார் பாருங்கள்... ஈஸ்வரியின் பெயர் மேலே ஏறவே இல்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. வாசல் குலுங்கியது. நான் ஈஸ்வரியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. உதடு மட்டும் ரேடியோவோடு சேர்ந்து அசைந்தது.

தீப்பிடித்த இடம் வந்தது. சிரிப்பு நின்றது. அந்த வளவில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்தான். அந்தச் சாயங்காலம் எத்தனை வீட்டு வாசலில் எத்தனை பேர் சைக்கிள் சத்தத்துக்குக் காத்திருந்தார்களோ... பேச்சியம்மாள் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அக்காவின் மகளும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

'...சைக்கிளை ஆபீசிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார்' என்று வதனி முடித்தாள்.

ஈஸ்வரி நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உறை வந்ததிலிருந்து அவள் அப்படி உட்காரவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. இருமிவிட்டேன். இரண்டு சின்னது... ஒன்று பெரியது.

வளவே வெடித்துச் சிரித்தது. ஈஸ்வரி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

பேச்சியம்மாள் அக்கா சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எலே தம்பி, ஒன் இருமலு வெளிநாடு போயிட்டு வந்துட்டு. நான் இன்னும் மதுரையத் தாண்டல!"

வதனிக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள் ஈஸ்வரி — தாளின் இரண்டு பக்கமும் அவளே. எனக்குக் கொடுத்திருக்கும் வேலை தபால் தலை ஒட்டுவது மட்டும்... அதையும் நேராக ஒட்ட வேண்டுமாம்.